மோட்டர்ஹோம் பதிவுசெய்ய முதல் எடையைக் கணக்குப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐரோப்பாவில் பிள்ளைகளும் சகோதரங்களும் இருக்கின்ற மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்கள் கோடை விடுமுறைக்குப் போனால், ஹோட்டலுக்குக் காசைக் கொட்டாமல், படுக்கை, அடுப்பு, ரொயிலற் எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டர்ஹோம் என்ற வாகனத்தை வாடகைக்கு எடுத்து நாலைந்து நாடு சுற்றிவரலாம் என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. தங்கள் பத்திரிகையின் பயணப் பக்கத்திலும் இதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அல்ப்ஸ் மலைப் படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் வாசித்தவர் அடுத்த நாள் எழும்பி என்ன செய்யவேண்டும் என்பது அதில் இல்லை. அதற்காகவே இக்கடிதம். இடம் போதாவிட்டால் வசனங்களை வெட்டுங்கள், எண்களைத் தொடவேண்டாம்.

விசாவைப் பற்றி யோசிக்க முதல் எடையைப் பற்றி யோசிக்கவேண்டும். எத்தனை பேர் போகலாம் என்பதை எடைதான் தீர்மானிக்கிறது.

அங்கே வாடகைக்குக் கிடைக்கும் மோட்டர்ஹோம்களில் பெரும்பாலானவை 3,500 கிலோ மொத்த எடைக்குள் பதியப்பட்டவை. அங்கே கார் ஓடுவதற்கான பி வகுப்பு அனுமதிப்பத்திரத்தின் எல்லையும் அதுதான். வாகனம், ஆட்கள், சாமான், தண்ணீர், டீசல், காஸ் எல்லாம் சேர்த்துத்தான் இந்த 3,500. ஆறு பேர் படுக்கலாம் என்று விளம்பரம் போடும் பெரிய வாகனம், சாரதிக்கு 75 கிலோவும் டீசல், காஸ், கொஞ்சத் தண்ணீரும் சேர்ந்தாலே 3,000 கிலோவைத் தாண்டிவிடும். 3,050 என்று வைப்போம். மிச்சம் 450. மற்ற ஐந்து பேர் ஆளுக்கு 70 கிலோ என்றால் 350 போய்விடும். மிஞ்சுவது 100. விமானத்தில் ஆளுக்கு 30 கிலோ விடுகிறார்கள் என்று ஆறு பெட்டி கட்டினால் 180. வாகனம் புறப்படவில்லை, அதற்குள் 80 கிலோ கூடிவிட்டது. அரிசி வாங்கவில்லை, மடக்குக் கதிரை ஏற்றவில்லை, தண்ணீர்த் தாங்கியும் நிரம்பவில்லை.

அந்தக் "கொஞ்சத் தண்ணீர்" என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 100 லீற்றர் தாங்கி உள்ள வாகனத்துக்கும், ஓடும்போது 20 லீற்றர்தான் இருக்கும் என்று காட்டிச் சில தயாரிப்பாளர்கள் வெற்று எடையைக் குறைத்துப் பதிவார்கள். தாங்கியை நிரப்பிக்கொண்டு ஓடினால் 80 கிலோ கணக்கில் இல்லாத எடை. வெளியே விரிக்கும் கூடாரத்துணிச் சட்டம், சைக்கிள் தாங்கி, இரண்டாவது பற்றரி எல்லாம் பிறகு பூட்டப்பட்டவையாக இருந்தால் அவையும் அந்தக் கணக்கில் வராது. ஆகவே கம்பனியிடம் விளம்பரத் தாளைக் கேட்காமல், நீங்கள் எடுக்கப்போகும் வாகனத்தின் பதிவுப் புத்தகப் பிரதியையும், எல்லாம் பூட்டியபின் நிறுத்துப் பார்த்த எடையையும் எழுத்தில் கேளுங்கள். தராத கம்பனியை விட்டு அடுத்ததைப் பாருங்கள்.

அம்பாறை, சம்மாந்துறைப் பக்கம் நெல் லொறியை எடைமேடையில் ஏற்றாமல் யாரும் கணக்கு முடிப்பதில்லை. அதே பழக்கம் இங்கேயும் வேண்டும். சாமான் ஏற்றி, ஆட்களும் ஏறியபின் முதல் நாளே ஒரு பொது எடைமேடையில் நிறுத்துங்கள். மொத்த எடையோடு பின் அச்சின் எடையையும் தனியாகப் பாருங்கள். பின்பக்கச் சாமான் அறை பின் சில்லுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே 100 கிலோ வைத்தால் பின் அச்சில் அதைவிடக் கூடுதலாக அழுத்தும், முன்பக்கம் மெல்ல எழும்பும். இந்த வாகனங்களில் அதிகமானவை ஃபியற் டுக்காற்றோவின் அடிச்சட்டத்தில் கட்டப்பட்டவை. இழுப்பது முன் சில்லு. முன்பக்கம் எழும்பினால் ஈரப் புல்லிலும் மழை பெய்த ஏற்றத்திலும் சில்லு சும்மா சுழலும். அரிசி, எண்ணெய், தண்ணீர்ப் போத்தல் போன்ற பாரமானவற்றை இரு அச்சுகளுக்கும் இடையே, தரையோடு வையுங்கள். உச்சி அலுமாரிகளில் உடுப்பும் பிஸ்கட்டும் போதும். சுவிஸிலும் ஒஸ்ரியாவிலும் எடை கூடிப் பிடிபட்டால் தண்டப்பணத்தோடு முடியாது. கூடிய பாரத்தை இறக்கும்வரை வாகனத்தை நகர விடமாட்டார்கள்.

படுக்கையின் எண்ணிக்கையும் சீற்பெல்ற்றின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. ஆறு படுக்கையும் நான்கு பெல்ற்றும் உள்ள வாகனங்கள் தாராளமாக இருக்கின்றன. ஓடும்போது கட்டிலில் படுத்துக்கொண்டு போகமுடியாது. ஜேர்மனியிலும் சுவிஸிலும் 12 வயது அல்லது 150 சென்ரிமீற்றர், இரண்டில் ஒன்றை எட்டும்வரை பிள்ளைக்குத் தனி ஆசனம் வேண்டும். என் கணிப்பில் ஒரு 3,500 கிலோ வாகனத்துக்குப் பெரியவர்கள் நாலு பேர்தான். ஐந்தாவது, ஆறாவது ஆள் சொந்தக்காரரின் காரில் பின்னால் வரட்டும். பெட்டிகளில் பாதியும் அந்தக் காரிலேயே வரட்டும்.

அடுத்தது அனுமதிப்பத்திரம். சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கொழும்பில் ஓட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோன் வழங்குகிறது. அது ஒரு வருடம் செல்லும். தனியே அதைக் காட்டிப் பயனில்லை, நம் இலங்கை அனுமதிப்பத்திர அட்டையும் கூடவே இருக்கவேண்டும். இணையத்தில் கார்ட் மூலம் காசு கட்டினால் வீட்டுக்கே அனுப்புகிறோம் என்பவர்களின் "சர்வதேச" அட்டைக்குச் சட்டமதிப்பு இல்லை. நம் அட்டை பயணத்தின் நடுவில் காலாவதியாகுமா என்றும் பாருங்கள். வாடகைக் கம்பனியிடம் நான்கு விடயங்களை எழுத்தில் கேட்டு வையுங்கள்: இலங்கை அனுமதிப்பத்திரத்தை ஏற்பார்களா, சாரதியின் வயதுக்கு மேலெல்லை உண்டா, எந்தெந்த நாட்டுக்குள் வாகனம் போகலாம், வைப்புப் பணத்தை எந்த வகைக் கார்ட்டில் பிடிப்பார்கள். டெபிற் கார்ட்டைப் பல இடங்களில் வாங்கமாட்டார்கள். அங்கே இருக்கும் மருமகன் தன் பெயரில் எடுத்து, இங்கிருந்து போகும் மாமாவை இரண்டாவது சாரதியாக ஒப்பந்தத்தில் எழுதுவது இலகு. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் பத்து நிமிடம் ஓடினாலும் அந்தப் பத்து நிமிடத்துக்குக் காப்புறுதி இல்லை என்று வையுங்கள்.

வாடகை வாகனம் அநேகமாகக் கைக் கியர்தான். ஓட்டோ கியரில் மட்டும் ஓடிப் பழகியவர்கள் போவதற்கு இரண்டு மாதம் முன்பே ஒரு கைக்கியர் ஹயேஸ் வானை எடுத்து ஓடிப்பாருங்கள். உள்கண்ணாடியை மேலே திருப்பிவிட்டு இரண்டு பக்கக் கண்ணாடியால் மட்டும் பின்னுக்கு எடுத்துப் பழகுங்கள். மோட்டர்ஹோமில் உள்கண்ணாடியில் தெரிவது அலுமாரிதான். வளவிலோ விளையாட்டு மைதானத்திலோ 7 மீற்றர் நீளம், 2.3 மீற்றர் அகலத்துக்குக் கயிறு கட்டி அதைச் சுற்றி நடந்து பாருங்கள். பக்கக் கண்ணாடிகளுக்கு இன்னும் 40 சென்ரிமீற்றரளவு சேர்க்கவேண்டும். பின் சில்லுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மீற்றர், நீங்கள் இடப்பக்கம் ஒடித்துத் திருப்பும்போது வலப்பக்கம் வீசும். பெற்றோல் நிலையத்துத் தூணில் உரசுவது இப்படித்தான்.

உயரம் 3 மீற்றரை நெருங்கும், சிலவற்றில் தாண்டும். அதைச் சென்ரிமீற்றரில் எழுதி ஸ்ரேறிங்குக்கு முன்னால் ஒட்டுங்கள். நிலக்கீழ்த் தரிப்பிடங்களில் 2 மீற்றர் சொச்சத்தில் இரும்புச் சட்டம் தொங்கும். கூகுள் வரைபடம் உங்களைக் கார் என்று நினைத்து உள்ளே அனுப்பும். கூரைச் சேதத்தையும் அடிப்பாகச் சேதத்தையும் அநேக வாடகைக் காப்புறுதிகள் பொறுப்பேற்பதில்லை. பிரான்ஸ் நெடுஞ்சாலைக் கட்டணத்திலும் உயரத்துக்கு வேலை உண்டு: 2 மீற்றருக்கு மேல் 3 மீற்றருக்குக் கீழ் இரண்டாம் வகுப்பு, 3 மீற்றரை எட்டினால் மூன்றாம் வகுப்பு.

ஷெங்கன் விசா பற்றிப் பலருக்கும் தெரியும், ஆகவே மோட்டர்ஹோமுக்கென்று உள்ளதை மட்டும் சொல்கிறேன். ஐந்து நாடு சுற்றுபவர் கூடுதல் நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்கவேண்டும்; நாள்கள் சமமானால் முதலில் நுழையும் நாட்டில். எங்கே தங்குவீர்கள் என்று காட்டக் கட்டாயம் கேட்பார்கள். "வாகனத்திலேயே படுப்போம்" என்ற பதில் போதாது. இப்படியான வாகனங்கள் தரித்துத் தங்கும் முகாம்தளங்களில் இரத்துச் செய்யக்கூடிய பதிவுகளை இரவு இரவாக எடுத்து, வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள். ஜூலை, ஓகஸ்ற்றில் தளங்கள் நிரம்பிவிடுவதால் அது எப்படியும் தேவைப்படும். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். இங்கிலாந்துக்குத் தனி விசா.

பெட்டியில் என்ன வைப்பது என்று கேட்டால், சாப்பாட்டுச் சாமானை முடிந்தமட்டும் வைக்காதீர்கள் என்பேன். இறைச்சி, பால், பால்மா, நெய் எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. கறிவேப்பிலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். பழங்களில் அன்னாசி, தேங்காய், வாழை, டுரியான், பேரீச்சை ஆகிய ஐந்துக்கு மட்டும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. கருவாடு, மாசிக்குத் தடையில்லை. ஆனால் பாரிஸ் லா ஷப்பலிலும் சூரிச்சிலும் பேர்ணிலும் நம் கடைகளில் இவை அத்தனையும் கிடைக்கும்போது 3,500 கிலோவுக்குள் எதற்கு இந்தப் பாரம்? கருவாட்டை வாகனத்துக்குள் பொரிக்கவும் வேண்டாம். சீற்றுத் துணியும் மெத்தையும் அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டால் வைப்புப் பணத்தில் கழிப்பார்கள். ஒரு சிறிய தனி அடுப்பை வாங்கி, தளத்தில் அனுமதித்தால் வெளியே சமையுங்கள். இடியப்பமும் புட்டும் உள்ளே அவித்தால் நீராவி சுவரில் படிந்து ஒழுகும். கூரை யன்னலைத் திறந்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கவேண்டும். குளிருக்காக அடுப்பை எரியவிட்டுப் படுப்பது உயிரோடு விளையாடுவது, காபனோரொட்சைட் என்ற நச்சு வாயு மணக்காது.

மின்சாரம் அங்கும் 230 வோல்ற்தான். சிக்கல் அம்பியரில். தளத்துக் கம்பத்தில் 16 அம்பியர் கிடைத்தால் அதிர்ஷ்டம்; 6 அம்பியர் மட்டும் விடும் தளங்கள் பல. 6ஐ 230ஆல் பெருக்கினால் 1,380 வாற்ஸ். நம் வீட்டுக் கேத்தில் 2,000 வாற்ஸ் இழுக்கும். போட்ட கையோடு கம்பத்தில் ட்ரிப் விழும், அதைத் தூக்கிவிட இரவில் அலுவலகத்தில் ஆள் இருக்காது. 700 வாற்ஸ் ரைஸ் குக்கர் தனியாகப் போட்டால் தாங்கும். அதோடு கிறைண்டரையும் போட்டு, குளிர்சாதனப்பெட்டியும் மின்சாரத்தில் நின்றால் தாங்காது. வயர் சுருளை, தேவை ஐந்து மீற்றராக இருந்தாலும், முழுவதும் அவிழ்த்துவிடுங்கள். சுருண்டபடி பாரம் இழுத்தால் சூடேறி உருகும். தளத்தில் மின்சாரம் செருகாதபோது உள்ளே இருக்கும் 230 வோல்ற் பிளக்குகள் வேலை செய்யாது. அப்போது விளக்கும் தண்ணீர்ப் பம்பும் 12 வோல்ற் பற்றரியில், குளிர்சாதனப்பெட்டி காஸில். பெட்டி காஸில் ஓடும்போது உள்ளே சுவாலை எரிகிறது என்பதை மறக்காமல் டீசல் அடிக்கும் இடத்துக்குள் நுழையமுன் அதை நிறுத்துங்கள். வாகனம் சரிவாக நின்றாலும் அந்த வகைப் பெட்டி குளிராது. சில்லின் கீழ் வைக்கும் ஆப்பு இரண்டு வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

காஸ் சிலிண்டர் நாட்டுக்கு நாடு வேறு. ஜேர்மனியில் எடுத்த 11 கிலோ சிலிண்டரை இத்தாலியிலோ பிரான்ஸிலோ மாற்றித் தரமாட்டார்கள், வாயும் வேறு. எல்லை தாண்டமுன் இரண்டில் ஒன்று நிறைந்திருக்கவேண்டும். கோடையில் சமையலுக்கும் குளிர்சாதனப்பெட்டிக்கும் ஒரு சிலிண்டர் இரண்டு கிழமை தாராளமாக ஓடும். பனிக்காலத்தில் வெப்பமூட்டியை இரவுபகலாக எரித்தால் நாலு நாள் போதும் அது முடிய. பூட்டும் நட் எதிர்ப்பக்கம் திரும்பும். பூட்டியபின் சவர்க்கார நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். குளிர் காலத்தில் பியூட்டேன் சிலிண்டர் வேண்டாம். பூச்சியத்தை அண்மித்தால் அது ஆவியாகாது. புறப்பேனின் கொதிநிலை மறை 42 பாகை, ஆகவே கடுங்குளிரிலும் அது வேலை செய்யும்.

இனிப் பயண எழுத்தாளர்கள் எழுத வெட்கப்படும் விடயம். மோட்டர்ஹோம் ரொயிலற்றின் கீழே 17 முதல் 20 லீற்றர் கொள்ளும் ஒரு பெட்டி இருக்கும். கடதாசி பாவிக்கிறவர்களை நினைத்துச் செய்த அளவு அது. நாம் தண்ணீர் விட்டுக் கழுவுகிறவர்கள். ஒரு தடவைக்கு ஒரு லீற்றர் என்று பாருங்கள். நாலு பேர் ஒரு நாளில் மூன்று நாலு தடவை போனால் பொழுதுபடமுன் பெட்டி நிறைந்து சிவப்பு விளக்கு எரியும். பகலில் தளத்து, கடைவீதி ரொயிலற்றுகளைப் பாவித்து, வண்டிக்குள் இருப்பதை இரவு அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரை லீற்றருக்குக் குறைந்த ஒரு சின்னச் செம்பைக் கொண்டுபோனால் தண்ணீர் பாதியாகும். பெட்டியை வெறுமையாக்கியதும் இரண்டு லீற்றர் தண்ணீரும் ரொயிலற் மருந்துப் போத்தலில் எழுதியுள்ள அளவு மருந்தும் விடவேண்டும். உள்ளே இருக்கும் தட்டை மூடாமல் பெட்டியை வெளியே இழுத்தால் வாகனப் பக்கத்திலேயே கொட்டும். ஊற்றும்போது காற்றுப் பொத்தானை அமத்திப் பிடிக்காவிட்டால் குளுகுளுவென்று தெறித்துக் காலை நனைக்கும். அதற்கென்று குறியிட்ட இடத்தில் தவிர வேறெங்கும், வீதியோரக் காணில் நிச்சயமாக, ஊற்றக்கூடாது.

குளிப்பிலும் இதே சிக்கல்தான். 100 லீற்றரில் நாலு பேர் கிணற்றடிக் குளிப்புக் குளித்தால் இரவுச் சமையலுக்குத் தண்ணீர் இராது. தளத்துக் குளியலறைக்குப் போங்கள். சோற்றுக் கஞ்சியைச் சிங்க்கில் ஊற்றவேண்டாம். கழிவுநீர்த் தாங்கியில் ஒரு வெயில் நாளில் புளித்து, குழாய் வழியே மணம் உள்ளே திரும்பிவரும். எண்ணெய்ச் சட்டியை முதலில் கடதாசியால் துடையுங்கள்.

டீசல் பம்பில் நிறத்தை நம்பாதீர்கள், நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஒக்ரோபரிலிருந்து ஒரே அடையாளம்: டீசலுக்குச் சதுரத்துக்குள் பி7, பெற்றோலுக்கு வட்டத்துக்குள் ஈ5 அல்லது ஈ10. நீல மூடி உள்ள மற்றத் துவாரம், டீசல் புகையைச் சுத்தமாக்கும் அட்புளூ என்ற திரவத்துக்கு. அதை டீசல் தாங்கிக்குள் ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பாமல் கம்பனிக்குத் தொலைபேசி எடுங்கள். இயந்திரத்தை இயக்கினால் செலவு பல மடங்காகும். பின் ரயர்க் காற்று 5.5 பார், அதாவது 80 பி.எஸ்.ஐ அளவில் இருக்கும். கார் நினைப்பில் 35 வைத்து ஓடினால் ரயர் சூடேறி வெடிக்கும். சரியான எண் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும்.

வலப்பக்கம் ஓடுவதில் நம்மவர் பயப்படுவது சுற்றுவட்டத்துக்கு. அங்கே மற்ற வாகனங்களைப் பார்த்துப் போய்விடலாம். பிசகுவது வேறு இடத்தில்: விடியற்காலை முகாம்தளத்திலிருந்தோ பெற்றோல் நிலையத்திலிருந்தோ வெறும் வீதியில் ஏறும்போது கை தானாக இடப்பக்கம் திருப்பும். முதல் இரண்டு நாளும் பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் "வலம்" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். முதல் நாள் 50 கிலோமீற்றருக்கு மேல் வேண்டாம், பிறகும் நாளுக்கு 200, 250 போதும். அடையாளம் எதுவும் இல்லாத சந்தியில் வலப்பக்கத்தால் வருபவருக்கே முதலிடம். அது சின்ன ஒழுங்கையாக இருந்தாலும் அப்படித்தான். செங்கலடியிலிருந்து பதுளை ஏறி இறங்கிய சாரதிகளுக்கு மலை புதிதல்ல, ஆனால் மூன்றரைத் தொன்னோடு அல்ப்ஸ் இறக்கத்தில் பிறேக்கை அமத்திப் பிடித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிக் கைவிடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

சுவிஸ் நெடுஞ்சாலைக்கு விக்னெற் என்ற கட்டணச் சீட்டு வேண்டும்; வருடத்துக்கு 40 பிராங், குறுகிய கால விக்னெற் அங்கே இல்லை. ஒஸ்ரியாவில் ஒரு நாளுக்கும் 10 நாளுக்கும் உண்டு. ஜேர்மனியில் பல நகரங்களுக்குள் போக, புகை குறைந்த வாகனம் என்று காட்டும் பச்சை ஸ்ரிக்கர் கண்ணாடியில் இருக்கவேண்டும். இத்தாலிப் பழைய நகரங்களின் வாசலில் கமரா நிற்கும். அனுமதியில்லாமல் உள்ளே போன ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனித் தண்டம். அந்தக் கடிதம் வாடகைக் கம்பனிக்குப் போய், அவர்கள் தங்கள் கட்டணத்தையும் சேர்த்துப் பல மாதம் கழித்துக் கார்ட்டில் எடுப்பார்கள். ஆகவே ஊருக்குத் திரும்பியதும் அந்தக் கார்ட்டை மூடவோ, ஒப்பந்தத்தையும் வாகனம் ஒப்படைத்தபோது எடுத்த படங்களையும் அழிக்கவோ வேண்டாம். ஒரு வருடமாவது வைத்திருங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.